பெரியக்காவின் படலையைச் சின்னக்கா திறந்த நாள்

எங்கள் பெரியக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைகளுக்காக நீங்கள் எல்லோரும் அக்கராயனுக்கு வந்திருக்கிறீர்கள். பஸ்ஸில் வந்த களைப்போடு இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருப்பீர்கள். முதற்பக்கத்தில் படம், அடுத்ததில் தேவாரம், அதற்குப் பின் என் கட்டுரை. இந்த இடத்தில் எழுதுகிறவர்கள் "அன்பின் உறைவிடம், பண்பின் பிறப்பிடம்" என்று தொடங்குவது வழக்கம். பெரியக்கா அதைப் படித்திருந்தால், "ஆரடி அது? என்னையோ சொல்லியிருக்கு?" என்று கேட்டுச் சிரித்திருப்பார். ஆகவே நான் நடந்ததையே எழுதுகிறேன்.

அதற்கும் தடை இல்லாமல் இல்லை. "அம்மாவுக்கு வந்த அந்த வருத்தத்தை மட்டும் எழுதிப் போடாதையுங்கோ குஞ்சம்மா, சனம் கதைக்கும்" என்று பெரியக்காவின் ஒரே மகள் சிறியதாயான என்னிடம் கெஞ்சினாள். சனம் எப்படியும் கதைக்கத்தான் போகிறது. பிழையாகக் கதைப்பதைவிடச் சரியாகக் கதைக்கட்டும் என்றேன். பிறகு பெரியக்காவின் கணவரான அத்தானிடம் கேட்டேன். அவர், "எழுது பிள்ளை. மறைச்சு மறைச்சுத்தானே அவளைப் பறிகுடுக்கப் பார்த்தனாங்கள்" என்றார். அத்தான் சொன்ன பிறகு எனக்கு வேறு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

பெரியக்கா வலிகாமத்தில் செம்மண் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்னக் கிராமத்தில் மூத்த பெண்ணாகப் பிறந்தார். அடுத்தவர் சின்னக்கா. நெடுங்காலம் கழித்துக் கடைக்குட்டியாக நான். என்னைப் பெற்ற துடக்குக் கழியுமுன்பே எங்கள் அம்மா கண்மூடிவிட்டார். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு என்னை இடுப்பில் தூக்கியவர் பெரியக்கா. அவருக்கும் சின்னக்காவுக்கும் விடிந்தால் சண்டை, பொழுதுபட்டால் சண்டை. ஒருவர் தலையை மற்றவர் இழுத்துப் பின்னிக்கொண்டே சண்டை பிடிப்பார்கள். ஆனால் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர் சாப்பிடமாட்டார்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் அத்தானுக்கு அக்கராயனில் குடியேற்றக் காணி கிடைத்தது. பெரியக்கா மகளையும் என்னையும் கூட்டிக்கொண்டு அவரோடு வந்தார். சின்னக்கா ஊரிலேயே கலியாணம் செய்து அங்கேயே இருந்தார். இங்கே அப்போது காடு. பகலில் குரங்கு, இருட்டினால் பன்றி, சில நாள் யானை. நுளம்புக்கடியும் நடுக்கல் காய்ச்சலும் இல்லாத வீடு இல்லை. பெரியக்கா கத்தி பிடித்துப் பற்றை வெட்டினார், நாற்று நட்டார், நெல்லுச் சூடு மிதிக்கும் களத்தில் ஆண்களுக்குச் சரியாக நின்றார். அவர் குசினி அடுப்படியில் நின்று மகளை அழைத்தால் குளக்கட்டில் நிற்பவனுக்கும் கேட்கும். வாசல் படலையடியில் யார் நின்றாலும் "வாங்கோ, ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்று அழைப்பார். அந்தத் தேத்தண்ணியைக் குடித்தவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள்.

அந்தக் குரல் ஒரு மாரிகாலத்தில் நின்றுபோனது. அதைச் சொல்வதற்கு முன் அக்கா தங்கச்சிக்குள் வந்த கோபத்தைச் சொல்லவேண்டும்.

பெரியக்காவின் மகள் பெரியபிள்ளையானபோது தண்ணீர் வார்ப்புக்கு நாள் வைத்தோம். நம் ஆட்களின் முறை உங்களுக்குத் தெரியும். நல்ல காரியத்துக்கு உரித்துக்காரரை நேரில் போய், வீட்டுக்குள் இருந்து, வாயால் சொல்லவேண்டும். ஆள் மூலம் சொல்லியனுப்பினால் அது சொன்னதாகாது. அந்தக் கிழமை முழுக்க அடைமழை. குளம் நிரம்பி வான் பாய்ந்து, தெருவில் மதகு உடைந்து, பஸ் நின்றுவிட்டது. எப்படியோ வலிகாமத்து ஊருக்குப் புறப்பட்ட ஒருவரிடம் பெரியக்கா, "தங்கச்சியிட்டைச் சொல்லிவிடுங்கோ, கட்டாயம் வரச் சொல்லுங்கோ" என்று சொல்லியனுப்பினார். சின்னக்கா வரவில்லை. "வழியிலை போறவனிட்டைச் சொல்லி விட நான் என்ன கூலிக்காரியோ? இனி அவளின்ரை படலையை நான் திறக்கிறதெண்டால் அவளின்ரை செத்தவீட்டுக்குத்தான்" என்று சபையில் சொன்னார். அதைச் சுடச்சுடக் கொண்டுவந்து பெரியக்காவின் காதில் போடவும் ஆள் இருந்தது.

அதன் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. கோபக்காரர் என்றால் நன்மைக்கு வரமாட்டார்கள், சாவுக்கு மட்டும் வந்து அழுதுவிட்டுப் போவார்கள். எங்கள் பக்கத்தில் அதுவும் ஒரு ஒழுங்காகவே இருந்து வருகிறது. பல வருடங்கள் அப்படியே போயின.

நான் முன்பு சொன்ன அந்த மாரியில் வயல் நன்றாக நின்றது. வீட்டில் நோய்நொடி இல்லை. பெரியக்காவுக்கு அது ஏன் வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முதலில் நித்திரை போனது. பிறகு சாப்பாடு. பிறகு பேச்சு. ஒரு நாள் பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் எழும்பவே இல்லை. "என்னக்கா செய்யுது?" என்று கேட்டால், "ஒண்டும் செய்யேல்லையடி. ஒண்டிலையும் மனம் ஒட்டுதில்லை. நான் இருந்து உங்களுக்கு என்ன?" என்பார். கிளிநொச்சியில் ஒரு டாக்குத்தர் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாவிட்டால் ஏன் எழும்பவில்லை என்று எல்லோரும் எங்களைக் கேட்டார்கள்.

அத்தானின் தமக்கை வந்து பார்த்துவிட்டு, "இது நோயுமில்லை வருத்தமுமில்லை, வேலைக்கள்ளப் பஞ்சி. ரெண்டு நாளைக்குக் குசினியைச் சாத்திவிடு, தன்பாட்டிலை எழும்புவாள்" என்றார். அடுத்த காணி மாமி, குளத்தடியில் ஏதோ பார்வை பட்டிருக்கும் என்று நூல் கட்டுவித்தார். ஊருக்கு உண்மையைச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. விசர்க் குடும்பம், பைத்தியக்காரக் குடும்பம் என்று பெயர் விழுந்தால் மகளை யார் கட்டுவார்கள்? ஆகவே அத்தான் "நாரிப்பிடிப்பு" என்று இடுப்புவலிக் கதையாகச் சொல்லிவைத்தார். நல்ல சனம் இது. நாரிப்பிடிப்பு என்று கேள்விப்பட்டதும் எண்ணெய் எண்ணெயாகக் கொண்டுவந்தது. ஆமணக்கெண்ணெய், வேப்பெண்ணெய், பெயர் தெரியாத எண்ணெய். வந்தவர்கள் பாயருகே இருந்து, "இஞ்சையோ பிள்ளை நோகுது? இஞ்சையோ?" என்று நாரியை அமத்துவார்கள். பெரியக்கா ஒன்றும் சொல்லாமல், "ஓம், அதிலைதான்" என்பார். அவர்கள் போன பிறகு தலையணை நனைந்திருக்கும்.

வீட்டுக்குள் நாங்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டோம். அவரோடு யாரும் உரத்துப் பேசுவதில்லை, ஒன்றும் கேட்பதில்லை, ஒரு வேலையும் சொல்வதில்லை. கிணற்றடிக்குப் போனாலும் பின்னால் ஒரு ஆள். உலையில் எவ்வளவு அரிசி போடுவது என்றுகூட அவரிடம் கேட்பதை மகள் விட்டுவிட்டாள். தாங்குகிறோம் என்றுதான் நினைத்தோம். அவர் நாளுக்கு நாள் ஒடுங்கிக்கொண்டே போனார். கதவு கொஞ்சம் அசைந்தாலும் நான் ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

அத்தான் வேறு கணக்குப் போட்டார். தங்கச்சியின் கோபம்தான் இவளைத் தின்கிறது, அவள் வந்து ஒரு வார்த்தை பேசினால் இவள் எழும்பிவிடுவாள் என்பது அவர் எண்ணம். எங்களுக்குச் சொன்னால் நாங்கள் மறிப்போம் என்று, வயலுக்குப் பசளை பார்த்துவருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளிநொச்சியில் ரயில் ஏறி ஊருக்குப் போனார். சின்னக்காவின் முற்றத்தில் நின்று, "அவள் இருக்கமாட்டாள் போலை கிடக்கு, ஒருக்கா வந்து முகத்தைப் பார்" என்று சொல்லியிருக்கிறார். கல்லும் கரையத்தானே செய்யும். சின்னக்கா உடுத்த சேலையோடு அத்தானுடன் புறப்பட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் நான் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். படலையைத் திறந்துகொண்டு சின்னக்கா வந்தார். ஒரு வீட்டுக்குப் போகும்போது வாழைப்பழமாவது கொண்டுபோவது அவர் வழக்கம். அன்று கையில் ஒன்றும் இல்லை. தலை கலைந்திருந்தது. என்னைக் கண்டதும் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு, "என்ரை அக்கா... என்னைப் பெத்தவளே..." என்று குரலெடுத்து அழத்தொடங்கிவிட்டார். படலையடியில், கட்டிப்பிடித்து, குரலெடுத்து. அப்படி எந்த வீட்டில் அழுவார்கள் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நான் அவருடைய வாயைப் பொத்தினேன். பிந்திவிட்டது. கிழமைக்கணக்காகத் தானாக எழும்பாத பெரியக்கா அறைவாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சின்னக்காவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆர் செத்தது?" என்று கேட்டார்.

சின்னக்கா என் கழுத்தைக் கட்டியிருந்த கையை எடுத்தார்.

"நானோ?" என்றார்.

பின்னால் வந்துகொண்டிருந்த அத்தான் ஓடிவந்து, "என்ன கதை கதைக்கிறாய், தங்கச்சி உன்னைப் பார்க்க வந்திருக்கிறாள்" என்றார். பெரியக்கா தலையை ஆட்டினார். "ஓம், ஓம். விளங்குது" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்களை ஏமாற்றியது. பெரியக்கா அன்று கிணற்றடியில் தோய்ந்து குளித்தார். சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சின்னக்கா தலை இழுத்துவிட, பேசாமல் இருந்துகொண்டார். சின்னக்காவும் எங்களைப் போலவே குரலைத் தாழ்த்தி, "அக்கா, இன்னும் கொஞ்சம் போடட்டோ? அக்கா, களைக்குதோ?" என்று குழைந்தார். அத்தானுக்குக் கால் நிலத்தில் இல்லை. "பார்த்தியோ பிள்ளை, நான் சொன்னனெல்லே!" என்று என்னிடம் வந்து வந்து சொன்னார். மகள் பல நாளுக்குப் பிறகு சிரித்தாள். எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. பெரியக்காவின் முகத்தில் சுகம் வந்தவரின் தெளிவு இல்லை. எல்லாவற்றையும் முடித்துவிட்டவரின் தெளிவு அது.

அடுத்த நாள் காலை அவர் அலுமாரியைத் திறந்தார். அடியில் மடித்திருந்த கலியாணக் கூறைச்சேலையை எடுத்து மேல்தட்டில் வைத்தார். "இது மேலை கிடக்கட்டும் மோளே, தேவைப்படேக்கை தேடிக் கஷ்டப்படாமல் எடுக்கலாம்" என்றார். அவளும் "சரியம்மா" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்? சுமங்கலியாகப் போகிறவருக்குக் கடைசியாக உடுத்துவது எந்தச் சேலை என்று எனக்குத் தெரியும். அத்தானிடம் ஓடினேன். "நல்லாய் வாற நேரத்திலை நீ உன்ரை வாயை வைக்காதை" என்று அவர் சீறினார். வயலுக்குப் போகவும் புறப்பட்டுவிட்டார்.

சின்னக்காவைக் குசினியில் பிடித்துச் சொன்னேன். அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"எப்ப எடுத்து வைச்சவ?"

"காலமை."

"இப்ப எங்கை?"

அறையைப் பார்த்தோம். பாய் சுருட்டி மூலையில் நிறுத்தியிருந்தது. அம்மா பிள்ளையார் கோயிலுக்கு விளக்கு வைக்கப் போய்விட்டார், தன்பாட்டில் போக ஆசையாக இருக்கிறதாம் என்று மகள் சந்தோஷமாகச் சொன்னாள். உச்சி வெயில். அந்த நேரத்தில் எந்தக் கோயிலில் விளக்கு வைப்பார்கள்? பிள்ளையார் கோயில் இருப்பது குளக்கட்டில். சின்னக்கா கையைக்கூடக் கழுவாமல் ஓடினார். நான் பின்னால் ஓடினேன். வரம்பில் இரண்டு தரம் விழுந்தேன். என் வாயில் முருகா என்ற ஒரு சொல்தான் இருந்தது.

கோயிலில் ஒருவரும் இல்லை. வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசடியில், கல்லின் விளிம்பில், பெரியக்கா குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். குளம் நிறைந்து கிடந்தது. நான் "அக்கா" என்று மெல்லக் கூப்பிட வாயெடுத்தேன். சின்னக்கா என் கையை இறுக்கிப் பிடித்து நிறுத்தினார். எத்தனையோ வருடமாக நான் கேட்காத அந்தப் பழைய குரலில் கத்தினார்.

"எடியே! உன்ரை செத்தவீட்டுக்கு வந்தனான் எண்டோ நினைச்சனீ? உனக்கு அவ்வளவு கொழுப்போ?"

பெரியக்கா திரும்பவில்லை. ஆனால் தோள் அசைந்தது.

"நான் உன்னோடை சண்டை பிடிக்க வந்தனான். ஒரு பெட்டைக்குத் தண்ணி வார்க்கிறாய், கூடப் பிறந்தவளுக்கு நேரிலை வந்து சொல்ல உனக்குக் கால் இல்லையோ? அதுக்கு மறுமொழி சொல்லு. சொல்லாமல் நீ ஒரு இடமும் போகேலாது!"

இந்த நேரத்தில் இதுவா கேட்கிற கேள்வி? ஆனால் சின்னக்கா நடந்துகொண்டே இருந்தார், கத்திக்கொண்டே கிட்டப் போனார்.

"மழை" என்றார் பெரியக்கா. குரல் கரகரத்தது.

"என்ன பெரிய மழை?"

"மதகு உடைஞ்சது. பஸ் ஓடேல்லை."

"நடந்து வந்திருக்கலாம்!"

"நடந்தோ?" பெரியக்கா சட்டென்று இந்தப் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. "அந்த வெள்ளத்துக்குள்ளை, ஆனையிறவு தாண்டி, நடந்தோ? உனக்கென்னடி விசரோ?"

அந்தச் சொல்லை அந்த மாரி முழுவதும் எங்கள் வீட்டில் ஒருவரும் உச்சரிக்கவில்லை. அது வாயில் வந்துவிடக்கூடாது என்றே நாங்கள் எல்லோரும் மெல்லப் பேசினோம். இப்போது அவரே சொல்லிவிட்டார். பிறகு சின்னக்கா பாய்ந்து அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார், விடவே இல்லை. பெரியக்கா அந்தக் கல்லிலேயே இருந்து வாய்விட்டு அழுதார். சின்னக்காவும் அழுதார், ஆனால் அழுதழுதே சண்டையைத் தொடர்ந்தார். நாள் பார்க்கும் சாத்திரிமார் தண்ணீர் வார்ப்புக்கு வேறு நாளே வைக்கவில்லையா என்று கேட்டார். வேறு நாள் வைத்தால் மட்டும் நீ வந்து கிழித்திருப்பாயா என்று பெரியக்கா திருப்பிக் கேட்டார். வெயில் சாயும் வரைக்கும் அந்தச் சண்டை நடந்தது. என் வாழ்நாளில் நான் கேட்ட இனிமையான சண்டை அதுதான்.

அன்றோடு எல்லாம் சுகமாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். மறுநாளே பெரியக்கா மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்தார். ஆனால் சின்னக்கா ஊருக்குத் திரும்பவில்லை. "எழும்பு. உன்ரை மோள் வைச்ச குழம்பு வாயிலை வைக்கேலாது, வந்து என்னண்டு பார்" என்று பாயடியில் நின்று சத்தம் போடுவார். சில நாள் பெரியக்கா எழும்புவார். எழும்ப முடியாத நாளில் சின்னக்காவும் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டு ஒன்றும் பேசாமல் படுத்துக்கிடப்பார். நாரிப்பிடிப்பு என்று சொல்வதை நிறுத்தினோம். யாழ்ப்பாணத்தில் அந்த வருத்தம் தெரிந்த ஒரு டாக்குத்தரிடம் கூட்டிப்போய், உள்ளதை உள்ளபடி சொல்லி மருந்து எடுத்தோம். அடுத்த மாரிக்குள் அவருடைய குரல் மறுபடி குளக்கட்டுக்குக் கேட்டது.

பின்னொரு நாள் நெல் புடைத்துக்கொண்டிருக்கும்போது பெரியக்கா என்னிடம் சொன்னார்: "எல்லாரும் என்னோடை மெல்லமாக் கதைச்சியள். ஒரு வேலையும் சொல்லேல்லை, ஒரு குறையும் சொல்லேல்லை. செத்த ஆளைப் பற்றித்தானே அப்பிடிக் கதைப்பினம். நான் செத்துப் போனன், எனக்குத்தான் இன்னும் தெரியேல்லையாக்கும் எண்டு நினைச்சனான்." நான் சுளகைக் கீழே வைத்துவிட்டேன். அவர் புடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த வருத்தம் பிறகும் வந்து போனது. வரும்போது "வருகுதடி" என்று அவரே சொல்வார். நாங்களும் பயந்து ஒளிக்காமல் கூட இருந்தோம். அதற்கு நடுவே மகளுக்கு நல்ல இடத்தில் கலியாணம் செய்துவைத்தார், பேரப்பிள்ளையைக் கண்டார். சின்னக்கா கணவரை இழந்து அக்கராயனுக்கே வந்துவிட, இருவரும் ஒரு குசினியில் சமைத்து, ஒவ்வொரு நாளும் உப்புக்கும் புளிக்கும் சண்டை பிடித்தார்கள். கடைசியில் பெரியக்காவைக் கொண்டுபோனது நெஞ்சுநோ. சிறுபோக அறுவடை முடிந்த கிழமை, விறாந்தைக் கதிரையில் இருந்தபடி, தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்று சின்னக்காவை ஏசிக்கொண்டிருந்தவர் பேச்சை முடிக்கவில்லை.

நன்றி சொல்லவேண்டும். எண்ணெய் கொண்டுவந்தவர்களுக்கு நன்றி. தெரியாத வருத்தத்துக்குத் தெரிந்த மருந்தைக் கொண்டுவந்தீர்கள். நூல் கட்டுவித்த மாமிக்கு நன்றி. பந்தல் போட்டவர்களுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், அடுப்பு மூட்டாத எங்களுக்குச் சோறு கொண்டுவந்தவர்களுக்கும் நன்றி. இந்தக் கட்டுரைக்கு இறுதியில் மனதார ஓமென்று சம்மதித்த மகளுக்கும் நன்றி.

இதை நான் ஏன் வற்புறுத்தி எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சின்னக்கா உள்ளறையில் படுத்திருக்கிறார், சுவரைப் பார்த்துக்கொண்டு. இதை அச்சுக்குக் கொடுக்கும் இன்றுவரை அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை, யாரோடும் பேசவில்லை. எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு வந்த நீங்கள் அறைவாசலில் நின்று எட்டிப்பார்த்து, "பாவம், அவவும் தமக்கைக்குப் பின்னாலை போயிடுவா போலை" என்று மெல்லச் சொல்லிவிட்டுத் திரும்பினீர்கள். மெல்லச் சொன்னாலும் உள்ளே கேட்கும். நான் அவரோடு சண்டை பிடித்துப் பார்த்தேன். நான் அவர்கள் இருவருக்கும் கைக்குழந்தை, என் சண்டையை அவர் சண்டையாக எடுப்பதில்லை.

இன்று சாப்பிட்டுக் கைகழுவியதும் பஸ்ஸுக்கு நேரம் பார்க்காமல் உள்ளே போங்கள். குரலைத் தாழ்த்தாதீர்கள். கறியில் உப்பில்லை என்று சொல்லுங்கள், பழைய வழக்கு ஏதாவது இருந்தால் எடுத்துப் பேசுங்கள். சின்னக்காவோடு கோபமாக இருக்கிறவர்களும் இன்று வந்திருக்கிறீர்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும். நீங்கள் முதலில் போங்கள்.

அன்புத் தங்கை,
அக்கராயன்,
கிளிநொச்சி